பாரிஸ் போறீங்களா? கடைசி ஸ்டேஷன் பேரை மட்டும் பாத்து ஏறிடாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை வெட்டி, கொஞ்சம் ஒழுங்கு பண்ணியிருக்கேன். டிக்கெட் விலை எல்லாம் நாங்க போன 2025 செப்டம்பர் நிலவரம். அங்க ஜனவரியில கட்டணத்தை மாத்துவாங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஒருமுறை சரிபாத்துக்குங்க.)

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல கோடு, வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வேற. திருப்பூர்ல இருந்து பாரிஸுக்குப் போய், அங்க ஊருக்குள்ள சுத்தி, திரும்பி வர்றது எப்படின்னு பேசப் போறேன். சுற்றுலா வீடியோ ஆயிரம் இருக்கு. ஆனா ஒரு கையில சாம்பிள் பை, இன்னொரு கையில அப்பாயின்ட்மென்ட் நேரத்தோட போற நம்ம ஊர் ஆளுங்களுக்கு அதுல பாதி உதவாது.

முதல்ல கதை. எங்க மாமா வேலம்பாளையம் பக்கம் சின்னதா ஒரு பனியன் கம்பெனி வச்சிருக்கார். நாப்பது டெய்லர், சொந்தமா கட்டிங், செக்கிங். டையிங், பிரிண்டிங் எல்லாம் வெளியில ஜாப் ஒர்க். ஆர்டர்ல பெரும்பகுதி ஒரே ஒரு அமெரிக்க பையர். 2025 செப்டம்பர்ல பாரிஸ்ல நடந்த டெக்ஸ்வேர்ல்ட் அப்பேரல் சோர்சிங் கண்காட்சியில நண்பரோட சேர்ந்து ஒரு ஸ்டால் எடுத்திருந்தார். எடுக்கும்போது, "சும்மா ஒருக்கா போயி பாத்துட்டு வருவோம்" அப்படிங்கற மாதிரிதான் எடுத்தது.

ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்கா நம்ம சரக்கு மேல 25 சதவீதம் வரி போட்டது. ஆகஸ்ட் 27-ல அது 50 ஆச்சு. மாமாவோட பையர் கட்டிங் போகாத ஆர்டரை எல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லி மெயில் போட்டுட்டார். அன்னைக்கு ராத்திரி மாமா எனக்கு போன் பண்ணி, "மாப்ள, நீ லீவு போட்டுட்டு கூட வந்துரு. இனி அது டூர் இல்ல" அப்படின்னார். விசா அப்ளை பண்றப்பவே ஆசைக்கு நானும் சேர்ந்து போட்டிருந்தேன். நல்லதாப் போச்சு.

விசா: ஏஜென்ட் சொல்லாத மூணு விஷயம்

பிரான்ஸ் ஷெங்கன் நாடு. மொத்தம் 29 நாட்டுக்கு ஒரே விசா. லண்டன் இதுல வராது, அதுக்குத் தனி விசா. சென்னையில வி.எஃப்.எஸ். மையத்துல நேர்ல போயி கைரேகை குடுக்கணும். பெரியவங்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, மையத்தோட சர்வீஸ் சார்ஜ் தனி. பயணக் காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். வியாபாரமா போறவங்க கண்காட்சி அழைப்புக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், கம்பெனி பேப்பர் எல்லாம் வைக்கணும். இதெல்லாம் ஏஜென்ட்டே சொல்லிருவார். அவர் சொல்லாதது இது.

ஒண்ணு, பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடி இருந்தே அப்ளை பண்ணலாம். சாதாரணமா முடிவு பண்ண அவங்களுக்கு 15 நாள், சில கேஸ்ல 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். கடைசி நாள்னு சட்டம் சொல்றது 15 நாள் முன்னாடி. அதை நம்பி உக்காந்தா ஸ்டால் வாடகை போச்சு. நாங்க ஜூலையிலேயே போட்டுட்டோம்.

ரெண்டு, பல நாடு போறீங்கன்னா எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும். "அங்க சீக்கிரம் கிடைக்குதாம்"னு வேற நாட்டுல போட்டுட்டு பாரிஸ்லயே உக்காந்திருந்தா, அடுத்த விசாவுக்கு நீங்களே குழி வெட்டுறீங்க.

மூணு, விசா ஸ்டிக்கர்ல ரெண்டு கணக்கு இருக்கும். எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் செல்லும்ங்கறது ஒண்ணு. அதுக்குள்ள எத்தனை நாள் இருக்கலாம்ங்கறது இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணு இல்ல. பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடனே ரெண்டையும் படிங்க.

நாங்க போனப்ப பாஸ்போர்ட்ல சீல் குத்துனாங்க. 2025 அக்டோபர் 12-ல இருந்து அங்க புது முறை. சீலுக்குப் பதிலா எல்லையிலேயே முகத்தைப் படம் எடுத்து, கைரேகை வச்சு கம்ப்யூட்டர்ல ஏத்திக்கறாங்க. நாள் கணக்கை இனிமே மிஷினே போட்டுரும். ஒரு நாள் கூட இருந்தாலும் தெரிஞ்சுரும்.

போற வழி

கோயம்புத்தூர்ல இருந்து ஐரோப்பாவுக்கு நேர் ஃப்ளைட் கிடையாது. டெல்லி, மும்பை, பெங்களூரு, இல்லைன்னா வளைகுடா நாடு ஏதாவது ஒண்ணுல மாறித்தான் போகணும். நம்ம ஊர்ல நிறைய பேர் பாலக்காடு வழியா காரை எடுத்துட்டு கொச்சிக்குப் போயிருவாங்க. நாங்களும் அப்படித்தான். கொச்சி, துபாய், பாரிஸ். எந்த வழின்னாலும் முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டா எடுங்க. ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சம்னு தனித்தனியா எடுத்தா, முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது உங்க தலையில விழும்.

சாம்பிள் பீஸ்ல அதிமுக்கியமான பத்தைக் கைப்பையில வச்சுக்குங்க. பெட்டி வேற ஊருக்குப் போயிட்டாலும் அடுத்த நாள் பையர் முன்னாடி வெறும் கையோட நிக்க வேண்டியதில்ல.

ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள

சார்ல் த கோல் ஏர்போர்ட் ஊருக்கு வடகிழக்க இருக்கு. ஊருக்குள்ள வர ஆர்.இ.ஆர். பி-ன்னு ஒரு ரயில். நம்ம புறநகர் ரயிலும் மெட்ரோவும் கலந்த மாதிரி. ஏர்போர்ட் டிக்கெட் ஆளுக்கு 13 யூரோ. அதே டிக்கெட்ல ஊருக்குள்ள மெட்ரோவும் மாறிக்கலாம். இன்னொரு ஏர்போர்ட் ஓர்லி. அங்க 2024 ஜூன்ல இருந்து மெட்ரோ 14-ம் லைனே வந்துருச்சு. விலை அதே 13.

டாக்ஸிக்கு அரசாங்கமே ரேட் கட்டி வச்சிருக்கு. சார்ல் த கோல்ல இருந்து ஆத்துக்கு வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65. நாலு பேர் பெட்டியோட போனா ரயிலுக்கே 52 ஆகுது, அப்ப டாக்ஸி தப்பில்ல. ஆனா வெளியில டாக்ஸி வரிசையில நின்னு ஏறுங்க. உள்ளேயே வந்து "டாக்ஸி, டாக்ஸி"ன்னு கூப்பிடறவங்க பின்னாடி போகாதீங்க.

நாங்க ரெண்டே பேர், அதனால ரயில். இறங்குன இடம் கார் து நோர். ஊரோட வடக்கு ரயில் நிலையம். பக்கத்துலயே ரூம் போட்டிருந்தோம். காரணம் ரெண்டு. ஒண்ணு, ஏர்போர்ட்டும் கண்காட்சியும் இதே ரயில்ல. இன்னொண்ணை அப்புறம் சொல்றேன்.

கார்டு கணக்கு

பழைய அட்டை டிக்கெட் கட்டு இப்ப இல்ல. நவிகோ ஈசின்னு ஒரு கார்டு, 2 யூரோ. அதுல டிக்கெட்டை ஏத்திக்கணும். மெட்ரோ, ரயில் எங்க போனாலும் ஒரு டிக்கெட் 2.50. பஸ், டிராம் 2.00. ரயில்ல இருந்து பஸ்ஸுக்கு அதே டிக்கெட்ல மாற முடியாது. ஒருத்தருக்கு ஒரு கார்டு. ஒரே கார்டை ரெண்டு தடவை தட்டிட்டு ரெண்டு பேர் போறது நடக்காது.

இதைவிட நல்லது வாரப் பாஸ். அதுக்கு நவிகோ தெகுவெர்த்ன்னு வேற கார்டு, 5 யூரோ, சின்ன போட்டோ ஒட்டணும். வாரத்துக்கு 31.60. ஏர்போர்ட், ரயில், மெட்ரோ, பஸ் எல்லாம் இதுல அடக்கம். இதுல ஒரு பொறி இருக்கு. வாரம்னா நீங்க வாங்குன நாள்ல இருந்து ஏழு நாள் இல்ல. திங்கள்ல ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை முடியும். வியாழக்கிழமை வந்து இறங்குறவருக்கு இது நஷ்டம். திங்கள் வர்றவருக்கு லாபம்.

நாங்க சனிக்கிழமை 13-ம் தேதி இறங்குனோம். கண்காட்சி திங்கள் முதல் புதன் வரை, ஊருக்குக் கிளம்பறது வெள்ளி. மாமா ஏர்போர்ட் கவுன்டர் முன்னாடியே நின்னு கணக்குப் போட்டார். "மூணு நாளைக்கு ரயில் அஞ்சு, பஸ் நாலு, ஒம்போது மூணு இருபத்தேழு. திரும்பறப்ப ஏர்போர்ட் பதிமூணு. ஆக நாப்பது. பாஸ் எடுத்தா கார்டோட முப்பத்தாறு அறுபது. மத்த சுத்தறதெல்லாம் சும்மா. எடுத்துரு மாப்ள." அன்னைக்கு அந்தக் கணக்குதான் எங்களைக் காப்பாத்துச்சு. எப்படின்னு இப்ப வர்றேன்.

கடைசி ஸ்டேஷனும் நடு ஸ்டேஷனும்

பாரிஸ் மெட்ரோவுல "வடக்கு நோக்கி", "தெற்கு நோக்கி" எல்லாம் கிடையாது. லைன் நம்பர், அது முடியற ஸ்டேஷன் பேரு, அவ்வளவுதான். பழைய பஸ் ஸ்டாண்டுல நின்னு "காங்கேயம்", "பல்லடம்"னு போர்டு பாத்து ஏறற மாதிரி. போகவேண்டிய இடம் அந்தப் பேருக்கு முன்னாடி வருதான்னு மேப்புல பாத்துக்கிட்டா போதும். கூட மூணு வார்த்தை. "சோர்த்தி"ன்னா வெளியே போற வழி. "கொரெஸ்போந்தான்ஸ்"னா வேற லைனுக்கு மாறற வழி. "திரெக்ஸியோன்"னா எந்தப் பக்கம். பிரெஞ்சு இவ்வளவு தெரிஞ்சாப் போதும்.

கண்காட்சி நடந்த இடம் லு பூர்ஜே. 1927-ல லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாத் தாண்டி வந்து இறங்குன பழைய விமான நிலையம் இருக்கற ஊர். கார் து நோர்ல இருந்து ஆர்.இ.ஆர். பி-யில லு பூர்ஜே ஸ்டேஷன், அங்க இருந்து 152-ம் நம்பர் பஸ். திங்கள் காலையில நெரிசல் நேரத்துல போனோம். ஒரு பிரச்சனையும் இல்ல. "என்ன மாப்ள, நம்ம ஊரு பஸ்ஸை விட சுளுவா இருக்குது" அப்படின்னார் மாமா.

செவ்வாய்க்கிழமை நண்பர் ஸ்டாலைப் பாத்துக்கிட்டார். நாங்க காலையில ரிவோலி வீதியில கடை பாக்கப் போனோம். எந்த நாட்டு லேபிள், என்ன துணி, என்ன விலைன்னு கடையில தொட்டுப் பாக்கறது ஏற்றுமதிக்காரங்களுக்கு ஒரு பாடம். பதினொன்றரைக்கு ஸ்டால்ல ஒரு பையர் அம்மாவோட அப்பாயின்ட்மென்ட். திங்கள் அன்னைக்கு நம்ம ஆர்கானிக் காட்டன் குழந்தை டிரஸ்ஸைத் தொட்டுப் பாத்துட்டு, "நாளைக்கு விலையோட பேசலாம்"னு சொல்லியிருந்தாங்க. அந்த சாம்பிளும் விலைப் பட்டியலும் எங்க பையில.

பத்தே முக்காலுக்கு ஷாத்லே ஸ்டேஷன்ல ஏர்போர்ட்னு போர்டு போட்ட ரயில் வந்தது. நேத்து ஏறுன அதே லைன், அதே கடைசி ஸ்டேஷன். ஏறிட்டோம். கார் து நோர் தாண்டுச்சு. அப்புறம் ரயில் நிக்கவே இல்ல. லு பூர்ஜே பெயர்ப் பலகை ஜன்னல்ல சர்ருனு போச்சு. மாமா என்னைப் பாத்தார். நான் போனைப் பாத்தேன்.

நெரிசல் இல்லாத நேரத்துல இந்த லைன்ல சில ரயில் கார் து நோர் விட்டா நேரா ஏர்போர்ட்தான். நம்ம ஊர்ல பாயின்ட் டு பாயின்ட் பஸ் இருக்குல்ல. கோயம்புத்தூர் போர்டைப் பாத்து ஏறிட்டு அவினாசியில இறங்கணும்னு கேட்டா கண்டக்டர் என்ன சொல்வார்? அதேதான். பிளாட்பார்ம் போர்டுல அந்த ரயில் எங்கெங்க நிக்கும்னு வரிசையா போட்டிருக்கு. நான்தான் கடைசிப் பேரைப் பாத்துட்டு மேல படிக்கல. வெளியீட்டுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணாம கோடு போடற புத்தி.

ஏர்போர்ட் போய், நின்னு நின்னு வர்ற ரயில்ல திரும்பி, பஸ் புடிச்சு ஸ்டாலுக்குப் போறப்ப மணி பன்னெண்டரை தாண்டிருச்சு. அந்த அம்மா கால் மணி நேரம் காத்திருந்துட்டுப் போயிட்டாங்க. மாமா ஒரு வார்த்தை திட்டல. அதுதான் கஷ்டமா இருந்தது. தண்ணி குடிச்சுட்டு, "பாஸ் இருந்ததால ஃபைன் கட்டாம வந்தோம். அந்த மட்டுக்குச் சரி" அப்படின்னார். வாஸ்தவம். சாதா 2.50 டிக்கெட் ஏர்போர்ட்டுக்குச் செல்லாது. செக்கிங்ல மாட்டியிருந்தா அபராதம்தான்.

நண்பர் அந்த அம்மாவோட கார்டை வாங்கி வச்சிருந்தார். மன்னிப்பு கேட்டு மெயில் போட்டேன். காரணம் எதுவும் சுத்தல, தப்பான ரயில் ஏறிட்டோம்னே எழுதினேன். சாயங்காலம் பதில் வந்தது. புதன் காலை ஒம்போதே கால். எட்டரைக்கே அங்க நின்னோம்.

லா ஷப்பேல்: ரூம் போட்ட இன்னொரு காரணம்

கார் து நோர்ல இருந்து வடக்க நடந்தா பத்து நிமிஷத்துக்குள்ள லா ஷப்பேல். ஃபோபூர் சான் தெனி வீதியோட மேல்பக்கம், காய் வீதி, இதெல்லாம் ஈழத் தமிழர் கடைவீதி. 1980-கள்ல போருக்குத் தப்பி வந்தவங்க கட்டுன இடம். தமிழ்ப் பெயர்ப் பலகை, நகைக்கடை, மளிகை, கொத்து ரொட்டி சத்தம். பக்கத்துல பஜோல் வீதியில மாணிக்க விநாயகர் ஆலயம். வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசி வாக்குல அங்க தேர் ஓடும்.

புதன் ராத்திரி ஒரு கடையில இடியாப்பம் சாப்பிட்டுட்டு இருந்தோம். கடைக்காரர், "நாளைக்கு எங்கயும் போற எண்ணமோ? நாளைக்கு கிரேவ் தம்பி" அப்படின்னார். மாமா, "இல்லைங்க, எங்களுக்கு சாம்பார் போதும்" அப்படின்னார். கடையே சிரிச்சது. கிரேவ்னா பிரெஞ்சுல வேலைநிறுத்தம். மறுநாள் செப்டம்பர் 18, நாடு பூரா தொழிற்சங்கங்க அறிவிச்சிருந்த நாள். "ஒண்டு, நாலு, பதினாலு ஓடும். அதுக்கு ட்ரைவர் இல்லை. மிச்சத்தை நம்பாதேங்கோ" அப்படின்னார்.

மெட்ரோவுல 1, 4, 14 மூணும் தானியங்கி லைன். மத்த பல லைனை அன்னைக்கு நெரிசல் நேரத்துல மட்டும் ஓட்டுனாங்க. எங்க ஒரே சுத்திப் பாக்கற நாளை அந்த மூணு லைனை வச்சே போட்டோம். கார் து நோர்ல 4-ம் லைன் புடிச்சு சித்தே ஸ்டேஷன். நோத்ர்தாம் தேவாலயம், 2019-ல தீப்பிடிச்சு 2024 டிசம்பர்ல மறுபடி திறந்தது. உள்ள போக காசு இல்ல. அங்க இருந்து லூவ்ர் வாசல் வரை நடை. அப்புறம் 1-ம் லைன்ல ஷான்செலிசே பக்கம் இறங்கி ஆத்தோரமா நடந்து ஈஃபில் கோபுரம். மேல ஏறல, கீழ நின்னு பாத்தோம்.

நடக்கலாம்ங்க, பயப்படாதீங்க. பாரிஸ் நகர எல்லை மொத்தம் 105 சதுர கிலோமீட்டர்தான். நம்ம திருப்பூர் மாநகராட்சியே அதைவிடப் பெருசு. இருபது வட்டாரமா பிரிச்சு, நடுவுல இருந்து நத்தை ஓடு மாதிரி சுத்திச் சுத்தி நம்பர் போட்டிருக்காங்க. அஞ்சல் எண்ணோட கடைசி ரெண்டு இலக்கம்தான் வட்டாரம். 75010-ன்னா பத்தாவது. வீட்டு நம்பர்லயும் ஒரு கணக்கு உண்டு. ஆத்துல இருந்து விலகிப் போற வீதியில ஆத்துப் பக்கம்தான் ஒண்ணு ஆரம்பிக்கும். நம்பர் ஏறினா செய்ன் ஆத்தை விட்டு விலகறீங்க, இறங்கினா கிட்ட வர்றீங்க. போன்ல சார்ஜ் தீர்ந்தா இது போதும், ரூமுக்கு வந்து சேர்ந்துரலாம். நாங்க வந்தோம்.

கடைசியா

புதன்கிழமை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அந்த அம்மா மூணு ஸ்டைல் எடுத்துட்டுப் போனாங்க. நவம்பர்ல ஒரு ட்ரையல் ஆர்டர் வந்தது, 1,200 பீஸ். அமெரிக்க ஆர்டர் நின்ன பள்ளத்தை அது மூடாது. நாப்பது டெய்லருக்கு சில நாள் வேலை, அவ்வளவுதான். ஆனா மாமா அடுத்த தடவை தனியாவே போறேன்கறார்.

வெள்ளிக்கிழமை கிளம்பறப்ப கார் து நோர் பிளாட்பார்ம்ல நான் பெட்டியைத் தூக்கிட்டு வந்த ரயில்ல ஏறப் போனேன். மாமா என் தோளைப் புடிச்சு நிறுத்தி, போர்டை மேல இருந்து கீழ வரைக்கும் விரல் வச்சுப் படிச்சார். அப்புறம்தான், "இப்ப ஏறு" அப்படின்னார்.

அதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். எங்க முடியுதுன்னு பாருங்க. எங்க நிக்குதுன்னும் பாருங்க. முக்கியமான வேலை இருந்தா ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்புங்க. உங்க பயண அனுபவம் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். வர்றேன்ங்க.